சஹனில் இன்னொரு கை

1

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை என் தொலைபேசி அடிக்கவில்லை. அது அடிக்காததால் எனக்கு வந்த எரிச்சலைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். ஊரில் இருந்து வாசிப்பவர்கள் இவனுக்கு வேறு வேலை இல்லையா என்று சிரிப்பீர்கள். தாராளமாகச் சிரியுங்கள்.

சென்ற மாதம் வரை, மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் எங்கள் மகன் அக்மலை ஒரு வீட்டில் கொண்டுபோய் விடுவோம். ஞாயிறு பின்னேரம் போய்க் கூட்டி வருவோம். அவனுக்கு அப்போது பதினெட்டு வயது ஆகவிருந்தது. பேச்சு இல்லை. ஆட்டிசம் இருக்கிறது, கூடவே வலிப்பும் இருக்கிறது. ஆள் என்னைவிட அரை அடி உயரம். அவனைப் போன்ற பிள்ளைகளை இரண்டு நாள் வைத்துப் பராமரித்து, பெற்றவர்களுக்குக் கொஞ்சம் மூச்சுவிட நேரம் கொடுப்பதற்காக நடத்தப்படும் வீடு அது. இங்கிலாந்தின் நடுப்பகுதியில் நாங்கள் குடியிருக்கும் இந்தச் சின்ன நகரத்தில் அப்படி ஒன்று இருப்பது எங்கள் அதிர்ஷ்டம் என்று எல்லோரும் சொல்கிறார்கள்.

அந்த வீட்டில் அக்மல் சாப்பிடமாட்டான். வெள்ளி இரவு பாலும் இரண்டு பிஸ்கட்டும். சனி காலையில் அதுவும் கிடையாது. மதியம் திரும்பியதும் வீட்டின் பொறுப்பாளர் பட்ரீஷியா என்னை அழைப்பார். "மன்னிக்க வேண்டும், உங்கள் மகன் இன்றும் ஒன்றையும் தொடவில்லை. உங்களால் வர முடியுமா?" என்பார். வர முடியுமாவா! நான் சப்பாத்தைப் போட்டுக்கொண்டுதான் நின்றிருப்பேன். என் மனைவி பரீனா சோறும், மீனாணம் என்று நாங்கள் சொல்லும் மீன் குழம்பும் கட்டித் தயாராக வைத்திருப்பாள். நான் போனால் அவன் சாப்பிடுவான். நான் போனால் மட்டும்தான் சாப்பிடுவான்.

இந்த நாட்டில் நான் பஸ் ஓட்டுகிறேன். ஏறுகிறவர்கள் அட்டையைக் காட்டுகிறார்கள், இறங்குகிறவர்கள் நன்றி சொல்கிறார்கள். என் இடத்தில் வேறொருவன் உட்கார்ந்தாலும் அவனுக்கும் அதே நன்றிதான். நான் இல்லாவிட்டால் நடக்காது என்று இங்கே உள்ள ஒரே ஒரு காரியம் அந்தச் சனிக்கிழமைச் சாப்பாடு. அதற்காக நான் சனிக்கிழமைகளில் காலை ஓட்டத்தைக் கேட்டு வாங்கியிருந்தேன்.

அன்றைக்கும் மதியத்தோடு வேலை முடிந்து வீட்டுக்கு வந்தேன். சாப்பாட்டுப் பொதி மேசையில் இருந்தது. தொலைபேசியை அதன் பக்கத்தில் வைத்துக்கொண்டு கதிரையில் உட்கார்ந்தேன். பின்னேர அஸர் தொழுகைக்கு நேரமாகியும் சத்தமில்லை.

"சாப்புட்டிருப்பான். அல்ஹம்துலில்லாஹ்" என்றாள் பரீனா.

"யார் குடுத்து?" என்றேன்.

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு அடுப்பைப் பார்க்கக் குசினிக்குள் போய்விட்டாள்.

2

இலங்கையில் கற்பிட்டிப் பக்கம் எத்தாளையில் இருக்கும் என் தம்பி நசீருக்கு இந்த வீட்டைப் பற்றி முதன்முதலில் சொன்னபோது பெரிய கரைச்சலாகிவிட்டது. ஆங்கிலத்தில் இதற்கு வைத்திருக்கும் பெயரைத் தமிழில் சொன்னால் இளைப்பாறல் வீடு என்று வரும். அண்ணனான என்னை நசீர் நானா என்றுதான் கூப்பிடுவான்.

"ஆருக்கு நானா இளைப்பாறல்? புள்ளைக்கா?"

"இல்லடா. எங்களுக்கு."

"புள்ளய வேற வூட்டுல வுட்டுட்டு நீங்க இளைப்பாறுறீங்க?"

அப்படிக் கேட்டவன்தான் அடுத்த முறை எடுத்தபோது கதையை மாற்றினான். இடையில் யாரோ அவனுக்கு விளங்கப்படுத்தியிருக்கிறார்கள்.

"நானா, அங்க புள்ளைக்கித் தனிக் கட்டிலாம். ராவைக்கி முழிச்சிப் பார்க்க ஆள் இரிக்காம். எல்லாம் அரசாங்கம் குடுக்கிறதாம். ஒங்களுக்கு என்ன கொற? நம்மட ஹம்ஸியா தாத்தாவப் பாருங்க. அந்த மகள வுட்டுட்டு ஒரு கலியாண வூட்டுக்கு, மையத்து வூட்டுக்குப் போக ஏலா. மொளகாத் தோட்டத்துக்குத் தண்ணி மாறப் போறதெண்டாலும் கேட்டப் பூட்டிட்டுத்தான் போகணும். ஒங்கட வூட்டுக் கதயச் சொன்னன். அழுதிட்டா."

ஹம்ஸியா தாத்தா எங்கள் பக்கத்து வளவு; எங்கள் ஊரில் தாத்தா என்றால் அக்கா. அவருடைய மகளும் அக்மலைப் போலத்தான். ஊரில் ஒரு தாய் எனக்குக் கிடைத்ததை நினைத்து ஏங்குகிறார். நானோ கிடைத்ததின் மேலேயே பொறாமைப்பட்டுக்கொண்டு திரிகிறேன். அந்த வீட்டின் மேல், அங்கே வேலை செய்கிறவர்களின் மேல், அவன் தலையணையின் மேல்கூட. இதை நசீரிடம் எப்படிச் சொல்வது? சொல்லவில்லை. "ஓம்டா, குறை இல்ல" என்று சொல்லி வைத்தேன்.

3

அக்மல் சோறு தின்னத் தொடங்கிய கதையைச் சொல்ல வேண்டும். அது எத்தாளையில் நடந்தது.

யுத்தம் முடிந்த அடுத்த வருடம் நசீரின் கலியாணத்துக்குப் போனோம். பாலாவியில் திரும்பியதில் இருந்து வாடகை வான் ஒரு சோதனைச் சாவடியிலும் நிற்கவில்லை. அடையாள அட்டையைக் கையில் எடுத்து வைத்திருந்த நான் அதைத் திரும்பப் பைக்குள் போட மறந்து, வீடு வரைக்கும் பிடித்துக்கொண்டே போனேன். அக்மலுக்கு அப்போது மூன்று வயது. பாலும் பிஸ்கட்டும் தவிர எதுவும் அவன் வாய்க்குள் போகாது. கரண்டியைக் கண்டால் தலையைச் சுவரில் மோதுவான். டாக்டர்மார் பார்த்தார்கள், தாதிமார் பார்த்தார்கள். வயிற்றில் துளை போட்டுக் குழாய் வைக்கலாம் என்று இங்கே பேச்சு நடந்துகொண்டிருந்த காலம் அது.

எங்கள் பக்கத்துக் கலியாணங்களில் சாப்பாடு சஹனில்தான். சஹன் என்றால் பெரிய வட்டத் தட்டு. நிலத்தில் வெள்ளைத் துணி விரித்து, நடுவில் சஹனை வைத்து, அதைச் சுற்றி ஆறு பேர் உட்காருவார்கள். ஒரே தட்டில் ஆறு கை. அவரவர் தன் பக்கத்தில் இருப்பதைத்தான் சாப்பிட வேண்டும். நல்ல இறைச்சித் துண்டு உங்கள் பக்கம் இருந்தால் அதைப் பக்கத்தில் இருப்பவரின் பக்கம் தள்ளிவிடுவது மரியாதை. முக்கியமான முறை ஒன்று உண்டு. சஹனில் கடைசி ஆள் சாப்பிட்டு முடியும்வரை மற்றவர்கள் கையை எடுக்கக்கூடாது. நீங்கள் எடுத்தால் அவர் பாதியில் கூச்சப்பட்டு நிறுத்திவிடுவார்.

அன்று ஐந்து பேரோடு ஆறாவதாக நான் உட்கார்ந்தேன். அக்மலை வேறெங்கும் விட முடியாததால் மடியில் வைத்துக்கொண்டேன். அவன் முதலில் எல்லோருடைய கைகளையும் பார்த்தான். கைகள் போவதும் வருவதும் அவனுக்குப் பிடித்திருக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் அவன் கையும் சஹனுக்குள் போனது. ஒரு பிடி புரியாணியை எடுத்து வாய்க்குள் வைத்து மென்றான். பிறகு இன்னொரு பிடி.

"ஒருத்தரும் கைய எடுத்துடாதீங்க" என்று மட்டும் சொன்னேன். அந்த ஐந்து பேரில் மூன்று பேரின் பேர்கூட எனக்குத் தெரியாது. எல்லோருக்கும் வயிறு நிறைந்துவிட்டது. ஆனாலும் ஒருவரும் கையை எடுக்கவில்லை. ஒரு சோற்றுப் பருக்கையை எடுப்பதும் வைப்பதுமாக, சாப்பிடுகிற மாதிரி நடித்துக்கொண்டு, அவன் முடிக்கும்வரை உட்கார்ந்திருந்தார்கள். அடுத்த பந்திக்குக் காத்திருந்தவர்கள் வாசலில் நின்று சத்தம் போட்டார்கள். இவர்கள் அசையவில்லை. வாழ்க்கையில் நான் யாருக்காவது கடன்பட்டிருக்கிறேன் என்றால் அந்த ஐந்து பேருக்குத்தான்.

திரைக்கு அந்தப் பக்கம் பெண்கள் பந்தியில் இருந்த பரீனாவுக்கு யாரோ ஓடிப்போய்ச் சொல்லியிருக்கிறார்கள். அவள் திரையை விலக்கி எட்டிப் பார்த்தாள். அவள் முகம் எப்படியிருந்தது என்று நான் கவனிக்கவில்லை. எனக்கு அக்மலின் கையைப் பார்க்கவே நேரம் போதவில்லை.

இங்கே திரும்பி வந்ததும் முதல் வேலையாக ஒரு பெரிய தட்டு வாங்கினேன். நிலத்தில் துணி விரித்து அவனும் நானும் உட்காருவோம். தட்டில் இன்னொரு கை இருந்தால்தான் அவன் கை உள்ளே வரும். பரீனாவும் உட்கார்ந்து பார்த்தாள். அவள் கை தட்டுக்கு வந்ததும் அவன் தன் கையை எடுத்துவிட்டான். காரணம் இருந்தது. காலையில் நான் வேலைக்குப் போய்விடுவேன். வலிப்பு மாத்திரையை இடித்து, பிசைந்த பிஸ்கட்டுக்குள் ஒளித்து, அவனுக்குக் கொடுப்பது அவள்தான். அதை அவன் கண்டுபிடித்துவிட்டான். மருந்து உம்மாவின் கை, சோறு வாப்பாவின் கை என்று பிரித்துவிட்டான். அதற்குப் பிறகு சஹன் அவனுக்கும் எனக்கும் மட்டும் என்றாகிவிட்டது. மீனில் முள் பார்த்து, விரலால் அழுத்திப் பார்த்து, நல்ல துண்டுகளை அவன் பக்கம் தள்ளுவேன். அவன் தின்பான். பரீனா குசினியில் நின்றபடி சாப்பிட்டுக்கொள்வாள்.

4

இவ்வளவு கதையும் அந்த இளைப்பாறல் வீட்டுக்கு ஏன் தெரியாது என்று கேட்பீர்கள். அதற்கும் ஒரு கதை இருக்கிறது.

அக்மலுக்கு ஐந்தாறு வயதாக இருக்கும்போது சமூக சேவை உத்தியோகத்தர் ஒருவர் வீட்டைப் பார்க்க வந்தார். நல்ல பெண். சொன்ன நேரத்துக்கு முன்னரே வந்துவிட்டார். நானும் அக்மலும் நிலத்தில் உட்கார்ந்து ஒரே தட்டில் தின்றுகொண்டிருந்தோம். அவர் எங்களைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார். பிறகு மிக மெதுவாக, எங்கள் மனம் நோகக்கூடாது என்ற கவனத்தோடு, வீட்டில் தட்டுகளுக்கோ உணவுக்கோ ஏதும் தட்டுப்பாடு இருக்கிறதா என்று கேட்டார். தளபாடம் கொடுக்கிற ஒரு தருமத் தாபனம் இருக்கிறதாம். மேசைக்கு ஏற்பாடு செய்யலாமாம்.

எங்கள் வீட்டு அலுமாரியில் பன்னிரண்டு பேருக்கு வைக்கக்கூடிய பீங்கான் அடுக்கியிருந்தது. பரீனா அதைத் திறந்தே காட்டினாள். அவர் இன்னும் குழம்பினார். நான் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கலியாணம், ஆறு பேர், ஒரே தட்டு என்று விளங்கப்படுத்தப் போய், அந்தப் பெண்ணின் முகத்தில் இரக்கம் கூடிக்கொண்டே போவதைப் பார்த்து நிறுத்திவிட்டேன். ஒரு கிழமை கழித்து ஒரு மேசையும் நாலு கதிரையும் வாசலில் வந்து இறங்கின. அன்றோடு முடிவு செய்தேன். சஹன் கதை வெளியில் போகக்கூடாது. யார் கேட்டாலும் பிள்ளை மேசையில் சாப்பிடுகிறான்.

முதலில் அது வெட்கம்தான். பிறகு அது வெட்கமாக இருக்கவில்லை. சனிக்கிழமைகளில் நான் பொதியோடு போய், அக்மலின் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, துவாயை விரித்து, ஒரு தட்டில் இரண்டு கை வைத்து, வெறும் தட்டோடு வெளியே வருவேன். பட்ரீஷியா தலையை ஆட்டுவார். "இருபது வருடமாக இந்த வேலை செய்கிறேன். நீங்கள் உள்ளே என்ன மந்திரம் செய்கிறீர்கள்?" என்று கேட்பார். நான் சிரிப்பேன். அந்தக் கேள்விக்காகவே அடுத்த மாதம் வரக் காத்திருப்பேன்.

இந்த வருடத் தொடக்கத்தில் கூட்டம் வைத்தார்கள். பதினெட்டு ஆனதும் அக்மல் அதே வளவில் உள்ள பெரியவர்களுக்கான வீட்டில் திங்கள் முதல் வெள்ளி வரை தங்கலாம். சனி ஞாயிறு எங்களோடு. பரீனாவுக்கு முதுகெலும்புத் தட்டு விலகியிருக்கிறது. வலிப்பு வந்து விழுகிறவனைத் தாங்கித் தாங்கி வந்த நோய். இனித் தூக்கக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆனால் ஒரு நிபந்தனை. அங்கே அவன் சாப்பிட வேண்டும். சாப்பிடாத பிள்ளையை அவர்களால் ஐந்து நாள் வைத்திருக்க முடியாது. சாப்பிடாவிட்டால், தாதிமார் உள்ள இன்னொரு இல்லம் இருக்கிறதாம். ரயிலில் நாலு மணித்தியாலத் தூரம்.

அந்தக் கூட்டத்தில் பரீனா என் பக்கம் திரும்பி, "சஹன்ல திண்டு பழகின புள்ள எண்டு சொல்லுங்க. கூட ஒரு ஆள் இருந்து தின்னணும் எண்டு சொல்லுங்க" என்றாள். அவளுக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. எல்லாக் கூட்டத்திலும் நான்தான் மொழிபெயர்ப்பு.

"மகனுக்குச் சோறு பிடிக்கும் என்கிறார்" என்று மொழிபெயர்த்தேன்.

பட்ரீஷியா அதைக் குறித்துக்கொண்டார். சொல்லலாம், அடுத்த முறை சொல்லலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். சொல்லிவிட்டால் அந்தக் கதவுக்குப் பின்னால் என் இடத்தில் சம்பளத்துக்கு ஒருவர் உட்காருவார். என் பிள்ளையின் தட்டுக்குள் கையை விடுவார்.

5

தொலைபேசி அடிக்காத அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். பொழுது சாய, மஃரிப் தொழுகைக்கு முன் பொறுக்க முடியாமல் புறப்பட்டுப் போனேன்.

பட்ரீஷியா என்னைக் கண்டதும் அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார். "நானே அழைக்க இருந்தேன். உங்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டிய சம்பவம் ஒன்று நடந்துவிட்டது" என்றார். வலிப்பு வந்து விழுந்துவிட்டானோ என்று பயந்தேன்.

அது இல்லை. க்ளோயி என்று ஒரு பிள்ளை அங்கே வருகிறாள். பதினாறு வயது, டவுன் சின்ட்ரோம் உள்ள பிள்ளை. மற்றவர்களின் தட்டில் கையை விட்டு அள்ளுவது அவளுடைய பழக்கம். அதனால் சாப்பாட்டு நேரத்தில் அவளுக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு பணியாளர் இருப்பார். அன்று மதியம் வாசல் மணி அடித்து அந்தப் பணியாளர் எழுந்து போன இடைவெளியில், க்ளோயி எழும்பிப் போய் அக்மலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவன் தட்டுக்குள் கையை விட்டுவிட்டாள்.

"பிறகு?" என்றேன். பதில் எனக்குத் தெரிந்துதான் இருந்தது.

"அதுதான் விசித்திரம். உங்கள் மகனும் கையை வைத்தார். நாங்கள் போவதற்குள் தட்டு காலி. ஆனாலும் இது சுகாதாரமில்லை, பாதுகாப்பும் இல்லை. இனிமேல் நடக்காது. இன்றிரவில் இருந்து இரண்டு பேருக்கும் வேறு வேறு மேசை."

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். என் வாயில் வந்தது இரண்டு சொல்தான். "ஓம், நல்லது."

வெளியே வரும்போது கூடத்தில் அந்தப் பிள்ளையைக் கண்டேன். குட்டையாக, கண்ணாடி போட்டு, கன்னத்தில் என்னவோ ஒட்டியபடி இருந்தாள். என்னைப் பார்த்துக் கையை ஆட்டினாள். நான் ஆட்டவில்லை. ஐம்பது வயது தாண்டியவன், ஒரு சின்னப் பிள்ளையோடு கோபித்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

வீட்டில், "திண்டிருக்கிறான்" என்று மட்டும் சொன்னேன். பரீனா விவரம் கேட்டாள். "தெரியா" என்றேன்.

6

ஞாயிறு காலையில் தொலைபேசி அடித்தது. இரவும் சாப்பிடவில்லை, காலையிலும் இல்லை. வர முடியுமா?

கலியாண வீட்டுக்குப் போகிறவன் மாதிரி வெளிக்கிட்டேன். பரீனா முந்தின நாள் மீனாணத்தைச் சூடாக்கிச் சோறு கட்டித் தந்தாள். தரும்போது, "நேத்துத் திண்டவன் இண்டைக்கி ஏன் திங்கல்ல?" என்று கேட்டாள்.

"ஆருக்குத் தெரியும்?" என்றேன்.

அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். துவாயை விரித்தேன். சோற்றைத் தட்டில் கொட்டி, பாரை மீனை உதிர்த்து முள் பார்த்து, நல்ல துண்டுகளை அவன் பக்கம் தள்ளிவிட்டு, என் கையை வைத்தேன். அக்மல் என் கையைப் பார்த்தான். நான் ஒரு வாய் சாப்பிட்டேன். அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு தட்டை இரண்டு கையாலும் தூக்கினான். என் கை தட்டுக்குள் இருக்கும்போதே தூக்கினான். எழுந்து, தோளால் கதவைத் தள்ளித் திறந்துகொண்டு போய்விட்டான். நான் கறிக் கையோடு பின்னால் ஓடினேன்.

சாப்பாட்டு அறையின் மூலையில் ஒரு சின்ன மேசையில் க்ளோயி இருந்தாள். பக்கத்தில் ஒரு பணியாளர். அக்மல் தட்டை அவளுக்கு முன்னால் வைத்து, கதிரையை இழுத்து உட்கார்ந்தான். க்ளோயியின் கை தட்டுக்குப் பாய்ந்தது. பணியாளர் அதை மெதுவாகப் பிடித்துக்கொண்டு, "வேண்டாம், வேண்டாம்" என்றார். பட்ரீஷியா உள்ளே ஓடிவந்தார். அக்மலின் தொண்டையில் இருந்து அந்த முனகல் கிளம்பியது. அது கூடிக்கொண்டு போனால் பிறகு என்ன நடக்கும் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மந்திரக்காரன் நான்தானே.

பேசாமல் நின்றிருந்தால் போதும். அவர்கள் பிரித்துவிடுவார்கள். அவன் பட்டினி கிடப்பான். என்னைக் கூப்பிடுவார்கள். கொஞ்ச நாளில் ரயிலேறி நாலு மணித்தியாலம் போய், அங்கே ஒரு கதவைச் சாத்திக்கொள்வேன்.

"விடுங்கள். அந்தப் பிள்ளையின் கையை விடுங்கள்" என்றேன்.

விட்டார்கள். க்ளோயியின் கை உள்ளே போனது, அக்மலின் கையும் போனது. முனகல் நின்றது. எனக்கு அந்தப் பிள்ளை சாப்பிடுகிற விதத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. தன் பக்கம், அவன் பக்கம் என்று ஒரு கணக்கில்லை. நடுவில் அள்ளுகிறாள், அவனுக்கு முன்னால் இருப்பதையும் அள்ளுகிறாள். எங்கள் ஊர்ப் பந்தியில் என்றால் பெரியாட்கள் முகத்தைச் சுளித்திருப்பார்கள். அக்மல் அதைப் பொருட்படுத்தாமல் தின்றுகொண்டிருந்தான்.

பிறகு அது நடந்தது. அவன் தன் பக்கம் இருந்த மீன் துண்டொன்றை எடுத்தான். பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் வைத்து அழுத்திப் பார்த்தான். திருப்பி மறுபடியும் அழுத்தினான். முள் இல்லை என்று தெரிந்ததும் அதைத் தட்டின் மேலாக அவள் பக்கம் தள்ளிவிட்டான்.

அவள் அதை நிமிர்ந்தும் பார்க்காமல் தின்றாள்.

பதினைந்து வருடம். எத்தனை ஆயிரம் துண்டு தள்ளியிருப்பேன். என் பக்கம் ஒரு துண்டு வந்ததில்லை. அவனுக்கு அது தெரியாது, அவனிடம் எதிர்பார்க்கக்கூடாது என்று நான் நினைத்திருந்தேன். தெரிந்திருக்கிறது. முள் பார்க்கக்கூடத் தெரிந்திருக்கிறது. தருவதற்கு ஆள்தான் நான் இல்லை. என் மகன் இன்னொருவருக்கு ஊட்டக் கற்றிருக்கிறான் என்று சந்தோஷப்பட வேண்டிய இடத்தில் நான் பொறாமையில் வெந்துகொண்டு நின்றேன். கையில் ஆணம் காய்ந்துகொண்டிருந்தது.

அதற்குப் பிறகு பட்ரீஷியாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கலியாணம், ஆறு பேர், ஒரே தட்டு, கையெடுக்காமல் இருந்த ஐந்து பேர். அவர் முகத்தில் இரக்கம் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே சொன்னேன். வரவில்லை. "இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை?" என்று கேட்டார். மேசையும் நாலு கதிரையும் வந்து இறங்கிய கதையைச் சொன்னேன். அவர் சிரித்தார். மிச்சப் பாதிக் காரணத்தைச் சொல்லவில்லை. அவருக்கு அது விளங்கியிருக்கும் என்று நினைக்கிறேன்.

7

க்ளோயியின் தாயிடம் அனுமதி கேட்டார்களாம். பிறந்ததில் இருந்து எல்லோரும் அவள் கையைத் தட்டிவிடத்தான் பார்த்தார்கள், இப்போதாவது ஒருவன் கூப்பிட்டு வைத்துத் தருகிறானே என்று அந்த அம்மா சொன்னாராம். அடுத்த வீட்டில் இருந்து க்ளோயி சாப்பிட வராத நாட்களில் பணியாளர் ஒருவர் உட்காருவார். பெரிய தட்டு ஒன்றை நானே வாங்கிக் கொடுத்தேன். பதினெட்டு ஆனதும், சென்ற திங்கட்கிழமை அக்மலை அவனுடைய உடுப்புப் பெட்டியோடு பெரியவர்களுக்கான வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தோம். அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

அன்று பின்னேரம் நேரம் ஆனதும் பழக்கத்தில் நான் நிலத்தில் துணியை விரித்து, சஹனை வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் ஞாபகம் வந்தது. எழுந்திருக்கவும் மனம் வரவில்லை. அப்படியே இருந்தேன். மீன் துண்டு தள்ளிய கதை உட்பட எல்லாவற்றையும் பரீனாவிடம் அப்போதுதான் கொட்டினேன். கூட்டத்தில் அவள் சொன்னதை நான் மொழிபெயர்த்த விதத்தையும் சொன்னேன். "எனக்கு ஒரு துண்டு தரல்ல பரீனா. நேத்து வந்தவளுக்குக் குடுக்கிறான்" என்றேன்.

அவள் ஆறுதல் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். குசினி வாசலில் சாய்ந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு முதுகைப் பிடித்துக்கொண்டு, மெல்ல மெல்ல, சஹனுக்கு மறுபக்கம் வந்து நிலத்தில் உட்கார்ந்தாள்.

"இப்ப தெரியுதா?" என்றாள்.

"என்ன?"

"பதினஞ்சு வருசமா நான் அந்த வாசல்ல நிண்டு பார்த்தது இதத்தான். ஆக்கினது நான். மருந்து குடுத்தது நான். ராவைக்கி முழிச்சது நான். சோறு திங்க மட்டும் நீங்க வேணும். நசீர்ட கலியாணத்துல திரய வெலக்கிப் பார்த்த நாள்ல இருந்து எனக்கு எரியிது. ஒங்கள நான் எவ்வளவு ஏசியிருப்பன் தெரியுமா, மனசுக்குள்ள?"

அவள் சோற்றை இட்டு ஆணத்தை ஊற்றினாள். இரண்டு பேரும் கை வைத்தோம். கலியாணம் முடித்து இத்தனை வருடத்தில் ஒரே தட்டில் நாங்கள் சாப்பிட்டது கலியாணத்தன்று மட்டும்தான். என் பக்கம் பாரை மீனின் நடுத்துண்டு இருந்தது. முள் பார்த்து, அழுத்திப் பார்த்து, அவள் பக்கம் தள்ளினேன்.

அவள் அந்தத் துண்டைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு எடுத்துத் தின்றாள். என் பக்கம் ஒன்றும் தள்ளவில்லை. குனிந்தபடி, அவசரமில்லாமல், பிடி பிடியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

எனக்கு வயிறு எப்போதோ நிறைந்துவிட்டது. கையை எடுக்காமல் இருந்தேன்.